ஒரே விதி, பல அளவுகள்: கணினி வரையும் பேப்பர் கட்டிங்

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி

"ஆள் பாதி, ஆடை பாதி" என்றனர் நம் பெரியோர். அந்த ஆடைப் பாதி ஆளுக்குப் பொருந்தாமற் போனால் என்னாகும் என்பதைப் பழமொழி சொல்லவில்லை. அதை எந்தப் பள்ளியின் வகுப்பறையிலும் காணலாம். கரும்பலகையின் மேல்வரியில் எழுதக் கையைத் தூக்கினால் சட்டை மேலே ஏறிவிடுமே என்று கூசி, விடை தெரிந்தும் பெஞ்சிலேயே இருந்துவிடும் பிள்ளைகள் உண்டு. தோள் இறங்கிய சட்டையை நாள் முழுதும் இழுத்து விட்டுக்கொள்ளும் சிறுமியர் உண்டு. "வளர்ற பிள்ளைதானே, பெருசாவே இருக்கட்டும்" என்று அம்மாமார் வாங்கித் தரும் சட்டை, பிள்ளை அதற்கு வளர்வதற்குள் வெளுத்தும் போகும்.

இந்தக் குறையைத் தீர்க்கக் கணினியால் இயலுமா என்று எங்கள் தையல் வகுப்பில் இவ்வாண்டு பார்த்தோம். பேப்பர் கட்டிங்கைப் படமாக வரையாமல், விதிகளாகக் கணினிக்கு எழுதிக் கொடுப்பது ஒரு முறை. அளவுகளைக் கொடுத்தால் கணினி அந்த விதிகளின்படி புதிதாக ஒரு பேப்பர் கட்டிங்கை வரைந்து தரும். விதி ஒன்றே, அளவு மாறினால் படமும் மாறும். கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த விதி எல்லா அளவுக்கும் செல்லுமா என்று சோதித்துப் பார்ப்பதே பெரிய வேலை. அந்தச் சோதனையைப் பற்றியதே இக்கட்டுரை.

எளிய எடுத்துக்காட்டாகக் குடைப் பாவாடையை எடுத்துக்கொள்வோம். வட்டமாக வெட்டும் பாவாடையின் நடுவில் இடுப்புக்காக ஒரு சிறு வட்டம் வெட்ட வேண்டும். அதன் ஆரம் என்ன? இடுப்புச் சுற்றளவை 2π-ஆல் வகுக்க வேண்டும். இடுப்பு 22 அங்குலம் என்றால், π-க்கு 22/7 போட, ஆரம் சரியாக 3½ அங்குலம். இடுப்பு 33 என்றால் 5¼. இந்த விதி குழந்தைக்கும் பாட்டிக்கும் பொய்க்காது, ஏனென்றால் அது வட்டத்தின் இலக்கணம். ஆனால் துணியின் இலக்கணம் வேறு. நீளம் 24 அங்குலம் வேண்டுமானால் வெளிவட்டத்தின் ஆரம் 27½. முழு வட்டத்தின் குறுக்களவு 55 அங்குலம். கடையில் கிடைக்கும் துணியின் அகலமோ பெரும்பாலும் 44 அங்குலம். ஆகவே அரைவட்டப் பாவாடைக்குப் போக வேண்டும். அப்போது உள் ஆரம் 7, வெளி ஆரம் 31, துணியில் அடங்கிவிடும். இதே அரைவட்ட விதியை இடுப்பு 48, நீளம் 28, மடித்தடிக்க 1 அங்குலம் என்று கொடுத்துப் பாருங்கள்: 15.27 + 28 + 1 = 44.27. கால் அங்குலத்துக்குச் சற்று மேல் துணி போதவில்லை! விதி சரி, கணக்கும் சரி, பாவாடைதான் வராது. இடுப்பு 28 என்று மட்டும் சோதித்திருந்தால் இது கடைசி வரை தெரிந்திராது.

இனி சட்டைக்கு வருவோம். நம் ஊர் டைலர்கள் கணினி வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே விதிகளால்தான் வெட்டி வந்திருக்கிறார்கள். "மார்புல பன்னண்டுல ஒண்ணு கழுத்து, நாலுல ஒண்ணு ஆர்ம்ஹோல்" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே சாக்கட்டியால் கோடு இழுப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதுவும் சமன்பாடுதான், எக்ஸ் என்று எழுதாத சமன்பாடு. ஒரே ஓர் அளவை, அதாவது மார்புச் சுற்றளவை, வைத்துக்கொண்டு உடம்பின் மற்ற இடங்களை எல்லாம் ஊகித்துவிடும் முறை அது. அனுபவமுள்ள டைலர், ஆளைப் பார்த்தவுடன் விதியை மீறி அரை அங்குலம் கூட்டுவார் அல்லது குறைப்பார். கணினிக்கு அந்தக் கண் கிடையாது. அது எழுதியதை மட்டும் செய்யும்.

மேல்நாட்டிலும் கதை இதுவே. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் எபனேசர் பட்டரிக் என்னும் டைலர் 1863-ஆம் ஆண்டில் பல சைஸ்களில் காகிதப் பேட்டர்ன்களை விற்கத் தொடங்கினார். வீட்டில் தைக்கும் பெண்களுக்கு அது பெரும் வசதியாக அமைந்தது. ஆனால் எந்த சைஸுக்கு எந்த அளவு என்பதை முடிவு செய்ய அளந்து பார்த்த கணக்கு வேண்டுமே! 1939, 1940-ஆம் ஆண்டுகளில் ரூத் ஓ'பிரையன், வில்லியம் ஷெல்டன் ஆகியோர் அமெரிக்க அரசுக்காக ஏறத்தாழ 15,000 பெண்களின் உடலளவுகளை எடுத்து, 1941-இல் நூலாக வெளியிட்டனர். வெள்ளையர் அல்லாத பெண்களின் அளவுகள் அந்த முடிவுக் கணக்கில் சேர்க்கப்படவில்லை. பிற்காலத்து சைஸ் அட்டவணைகளுக்கு அடிப்படையான ஒரு நூலிலேயே பலர் விடுபட்டுப் போயினர் என்பது எனக்கு வியப்பாக இருந்தது. நம் நாட்டில் தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்ட், 'இந்தியாசைஸ்' என்னும் பெயரில் ஆறு நகரங்களில் 25,000 பேரை அளக்கும் திட்டத்தை 2018-இல் அறிவித்தது. அதில் அளக்கப்படுவோர் 15 முதல் 65 வயது வரை உள்ளவர்கள். பத்தாம் வகுப்புக்காரிகளாகிய நாங்கள் நூலிழையில் உள்ளே வருகிறோம். எங்கள் தங்கைமார் வரவில்லை.

அட்டவணையே வேண்டாம், ஒவ்வொருவருக்கும் அவரவர் அளவிலேயே வரைந்து கொடுத்துவிடலாம் என்பது விதியாக எழுதும் முறையின் கொள்கை. பெல்ஜியம் நாட்டைச் சேர்ந்த யோஸ்ட் டி காக் தொடங்கிய 'ஃப்ரீசூயிங்' என்னும் திட்டம் இதில் பெயர் பெற்றது. அதன் விதிகள் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் எழுதப்பட்டவை; எவரும் காசு கொடுக்காமல் பார்க்கலாம், மாற்றலாம். அவர்கள் ஒரு புதிய பேட்டர்னை எழுதினால் மனித அளவுகளோடு நிறுத்திவிடாமல் பொம்மை அளவுக்கும் அரக்கன் அளவுக்கும் வரைந்து பார்க்கிறார்கள். அரக்கனுக்கு யார் சட்டை தைக்கப் போகிறார்கள் என்று நாங்களும் முதலில் சிரித்தோம்.

எங்களுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் கணினி அறிவியல் படிக்கும் ஓர் அக்கா துணை நின்றார். அவர்களுக்குப் பைத்தான் மொழி பாடத்திலேயே இருக்கிறது. தையல் புத்தகங்களிலும் டைலர்களிடத்திலும் வழங்கும் விதிகளைத் தொகுத்து, சீருடை மேல்சட்டை ஒன்றை நேர்கோடுகளாலேயே முதலில் எழுதினோம். மார்பின் கால்பங்கோடு லூஸுக்காக 1 அங்குலம் என்பது சட்டையின் அகலம். கைக்குழி என்னும் ஆர்ம்ஹோலின் ஆழத்துக்கு மட்டும் இரண்டு விதிகள் கிடைத்தன. ஒன்று, மார்பில் நான்கில் ஒரு பங்கு. மற்றொன்று, மார்பில் எட்டில் ஒரு பங்கோடு 3 அங்குலம். இரண்டில் எது சரி?

மார்பு 24 உள்ள சிறுமிக்கு இரண்டு விதிகளும் 6 அங்குலம் என்றே சொல்கின்றன. அந்த ஒரு சைஸில் மட்டும் தைத்துப் பார்த்தவருக்கு இரண்டும் ஒன்றே. மார்பு 32 என்றால் முதல் விதி 8 என்கிறது, இரண்டாம் விதி 7 என்கிறது. 40 என்றால் 10, 8. 48 என்றால் 12, 9. பன்னிரண்டு அங்குல ஆழத்தில் கைக்குழி வெட்டினால் அது இடுப்பை நெருங்கிவிடும். கையைத் தூக்கினால் சட்டையே கூட வரும். இக்கட்டுரையின் தொடக்கத்தில் சொன்னேனே, எழுந்து வராத பிள்ளை, அவள் சட்டையில் இருக்கும் குற்றங்களில் இது ஒன்று. ஆழமான கைக்குழி லூஸாக இருப்பதால் வசதி என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறானது. அக்குளுக்கு நெருக்கமாக அமைந்த கைக்குழியில்தான் கை தாராளமாக அசையும்.

அப்படியானால் இரண்டாம் விதியே சிறந்தது என்று முடித்துவிடலாமா? இங்கேதான் பொம்மை வந்தது. மார்பு 8 அங்குலமும் முதுகு நீளம் 3½ அங்குலமும் உள்ள துணிப் பொம்மை ஒன்றுக்கு இரண்டாம் விதியைப் போட்டோம். 8-இல் எட்டில் ஒன்று 1; அதோடு 3 சேர்த்தால் 4 அங்குலம். கைக்குழி, பொம்மையின் இடுப்பையும் தாண்டி அரை அங்குலம் கீழே போய்விட்டது! முதல் விதியோ 2 அங்குலம் என்று ஒழுங்காகச் சொன்னது. காரணம் தெளிவு. 'கூட்டு 3' என்பது உடம்போடு சேர்ந்து சுருங்காது, வளராது; அது எப்போதும் 3-தான். 48 அங்குல மார்பை அப்படியே இரு மடங்காக்கிய அரக்கனுக்குக் கைக்குழி 18 வேண்டும். இரண்டாம் விதி 15 தான் தருகிறது. பொம்மையும் அரக்கனும் பூதக்கண்ணாடி போன்றவர்கள். மனித அளவுகளில் கால் அங்குலமாக ஒளிந்திருக்கும் குறையை அவர்கள் கையளவாக்கிக் காட்டிவிடுகிறார்கள். நாங்கள் இரண்டாம் விதியையே வைத்துக்கொண்டோம். ஆனால் 'மார்பு 20 முதல் 48 வரை மட்டும்' என்னும் எல்லையையும் கணினிக்கு எழுதிவிட்டோம். அதற்கு வெளியே யாராவது அளவு கொடுத்தால், "கைக்குழி ஆழத்தை டேப்பால் அளந்து கொடு" என்று அது கேட்கும்.

கழுத்தின் கதை இன்னும் வேடிக்கை. பன்னிரண்டில் ஒரு பங்கு என்னும் விதி, மார்பு 36 உள்ளவருக்குக் கழுத்தின் பாதி அகலம் 3 அங்குலம் என்று சொல்லும்; நன்றாக அமையும். 48 உள்ளவருக்கு 4 அங்குலம். கழுத்து தோளை விட்டு நழுவும். மார்பு பெருத்தால் கழுத்தெலும்பு அகலமாவதில்லை அல்லவா? சிறு குழந்தைக்கு வேறு தொல்லை. ஒரு வயதுக் குழந்தையின் மார்பு ஏறத்தாழ 20 அங்குலம். கழுத்தின் முழு அகலம் 3⅓ அங்குலம் என்று வருகிறது. முன்னும் பின்னும் இறக்கத்தைச் சேர்த்தாலும் திறப்பின் சுற்றளவு 10 அங்குலத்தை எட்டவில்லை. குழந்தையின் தலைச் சுற்றளவோ 18 அங்குலம்! பிறக்கும்போது தலை, உடல் நீளத்தில் கால்பங்கு. பெரியவர்களுக்கு ஏழில் அல்லது எட்டில் ஒரு பங்கு. மார்பை மட்டும் கேட்கும் விதிக்குத் தலை என்று ஒன்று இருப்பதே தெரியாது. ஆகவே, கழுத்துத் திறப்பு தலையைவிடச் சிறிதானால் முதுகில் பட்டன் பட்டி வைக்கும்படி ஒரு நிபந்தனை சேர்த்தோம். இதை எழுதிக்கொண்டிருந்தபோது என் அம்மா, "இதுக்குப் போய் கம்ப்யூட்டரா? பிள்ளைச் சட்டைக்குப் பின்னாடி திறப்பு வைக்கணும்னு எங்க அம்மாவுக்கே தெரியுமே" என்றார். உண்மை. ஆனால் அம்மாவின் அம்மாவுக்குத் தெரிந்ததை யாரும் எழுதி வைக்கவில்லையே!

இப்போது இச்சோதனையின் முக்கியமான பகுதிக்கு வருகிறேன். கையை உடலோடு இணைக்கும் இடம்தான் தையலில் கடினமான இடம். கைத்துண்டின் மேல்புறம் மேடாக எழும்பியிருக்கும். அந்த மேட்டின் ஓர நீளமும் கைக்குழியின் ஓர நீளமும் ஒத்திருந்தால்தான் இரண்டையும் வைத்துத் தைக்க முடியும். மேடு எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்பதை, நாம் பத்தாம் வகுப்பில் படிக்கும் பிதாகரஸ் தேற்றமே சொல்லிவிடுகிறது.

மார்பு 32, தோளின் முழு அகலம் 13½, மேல்கைச் சுற்று 10 உள்ள ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். சட்டையின் கால்பங்கு அகலம் 8 + 1 = 9. அதிலிருந்து பாதித் தோள் 6¾ போக 2¼. கைக்குழி ஆழம் 7. தோள் சரிவுக்கு 1 போக 6. ஆக, தோள்முனையிலிருந்து அக்குள் வரை சாய்வாகச் செல்லும் கோட்டின் வர்க்கம் 2¼-இன் வர்க்கமும் 6-இன் வர்க்கமும் சேர்ந்து 5.06 + 36 = 41.06. கைத்துண்டுக்கு லூஸ் 2 அங்குலம் சேர்த்தால் 12. அதில் பாதி 6, அதன் வர்க்கம் 36. சாய்கோடு இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டுமென்பதால், மேட்டின் உயரத்தின் வர்க்கம் 41.06 − 36 = 5.06. வர்க்கமூலம் எடுத்தால் 2¼ அங்குலம். அழகான விடை. மார்பு 24, தோள் 10½, கை 7½ உள்ள சிறுமிக்கும் இப்படியே செய்து பார்த்தால் 2.35 அங்குலம் வருகிறது. மேடு 2 அங்குலத்துக்குக் குறையாமல் இருந்தால் போதும் என்று வைத்துக்கொண்டோம்.

இதுவரை எல்லாம் நலமே. ஆனால் மார்பு, தோள், கை எல்லாம் ஒன்றுக்கொன்று பொருத்தமாகவே வளரும் என்று நாமாக எண்ணிக்கொண்டிருக்கிறோம். ஆகவே மற்ற அளவுகளை அப்படியே நிறுத்தி, ஓர் அளவை மட்டும் மாற்றிச் சோதித்தோம். மார்பு 32, கைச்சுற்றை மட்டும் 8-இலிருந்து மெல்ல ஏற்றினோம். கை 8 என்றபோது மேடு 4 அங்குலம் வந்தது. அவ்வளவு உயர்ந்த மேடு, கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது மடிப்பில்லாமல் விழும். கையைத் தூக்கினால் சட்டையையும் தூக்கும். ஒல்லியான கைக்காரிக்கு லூஸைச் சற்று அதிகம் கொடுத்தால் மேடு தாழ்ந்துவிடும். 9, 10 இரண்டும் தேறின. 11 என்றபோது கணினி நின்றுவிட்டது. பிழை என்று மட்டும் காட்டியது, சட்டையே வரவில்லை.

ஏன் என்று தாளில் போட்டுப் பார்த்தோம். கை 11, லூஸோடு 13, பாதி 6½, வர்க்கம் 42.25. சாய்கோட்டின் வர்க்கமோ 41.06 தான். கழித்தால் −1.19. குறை எண்ணுக்கு மெய்யெண்களில் வர்க்கமூலம் இல்லை என்று கணக்கு வகுப்பில் எத்தனை முறை எழுதியிருக்கிறோம்! அந்தப் பாடத்தின் பொருள் இப்படி ஒரு சட்டையில் வந்து நிற்கும் என்று நான் நினைத்ததில்லை. மார்பு 32, கை 11 என்பது அரக்கன் அளவும் அல்ல, பொம்மை அளவும் அல்ல. குடம் குடமாகத் தண்ணீர் சுமக்கும் பெண்ணுக்கும், த்ரோபால் ஆடும் பெண்ணுக்கும் உள்ள சாதாரணக் கை. அந்தக் கை இந்த உலகத்தில் இருக்க முடியாது என்று அந்த விதி சொல்லிவிட்டது. கடைச் சட்டையில் கை பிடிக்கிறது என்றால், "நீ கொஞ்சம் இளைக்கணும்" என்றுதான் பெண்பிள்ளைகள் பிறர் சொல்லக் கேட்கிறோம். விதியில் கை என்று ஓர் அளவே இல்லாதிருந்ததை யாரும் சொல்வதில்லை.

தீர்வு கடினமானதல்ல. கைக்குழியின் ஆழத்தை மார்பு மட்டும் தீர்மானிக்கக் கூடாது. கைக்கும் அதில் ஒரு சொல் வேண்டும். மேடு 2 அங்குலம் வரும் வரை ஆழத்தைக் கால் கால் அங்குலமாகக் கூட்டிக்கொண்டே போகும்படி எழுதினோம். மேற்சொன்ன மாணவிக்கு 7¼-இல் மேடு 1.37, போதாது. 7½-இல் 2¼, நின்றது. இரண்டே படிகளில், அரை அங்குலத்தில், முடிந்துவிட்டது. மார்பு 40, தோள் 14½, கை 16 உள்ள ஒருவருக்கு 8-இல் தொடங்கி ஆறு படிகள் ஏறி 9½-இல் நின்றது. ஃப்ரீசூயிங்கில் 'பிரையன்' என்று பெயரிட்ட அடிப்படைச் சட்டையிலும் கையின் மேட்டைச் சிறிது சிறிதாகத் திருத்தி, கைக்குழியோடு ஒத்துவரும் வரை மறுபடி மறுபடி வரைகிறார்கள் என்று அக்கா காட்டினார்.

உண்மையில் கைக்குழி நேர்கோடல்ல, வளைவு. அதைக் கணினியில் எழுத, பிரான்சு நாட்டில் ரெனால்ட் கார்த் தொழிற்சாலைப் பொறியாளர் பியர் பெசியே பரப்பிய வளைவு முறை பயன்படுகிறது. சித்ரோவன் தொழிற்சாலையில் பால் தெ காஸ்தெல்ஜோ அதே கணக்கைத் தனியே கண்டிருந்தார். இரு முனைகளுக்கு இரு புள்ளிகள், வளைவைத் தம் பக்கம் இழுக்க இரு புள்ளிகள், ஆக நான்கு புள்ளிகள் போதும். கார்க் கதவுக்காக வந்த கணக்கு ரவிக்கைக் கைக்குழிக்கு வந்து சேர்ந்திருக்கிறது. வளைவாக்கிய பிறகு எண்கள் சற்று மாறின. எந்த அளவில் விதி முறிகிறது என்பதில் பெரிய மாற்றமில்லை.

பிறகு எல்லா சைஸ்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே தாளில் வரைந்து பார்த்தோம். விதி ஒழுங்காக இருந்தால் கோடுகள் மரத்தின் ஆண்டு வளையங்களைப்போல ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கும். ஏதாவது ஒரு கோடு அடுத்ததை வெட்டிக்கொண்டு போனால் அங்கே நின்று பார்க்க வேண்டும். இந்தச் சோதனைக்குக் கணக்கே தேவையில்லை, கண் போதும். எட்டாம் வகுப்புத் தங்கை ஒருத்தி தோள் ஓரத்தில் ஒரு கோடு முட்டிக்கொள்வதை எங்களுக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டாள்.

காகிதம் சொல்வது ஒன்று, துணி சொல்வது ஒன்று. அச்செடுக்கும்போது ஏ4 தாள்களை ஒட்டித்தான் பேப்பர் கட்டிங் ஆக்க வேண்டும். ஜெராக்ஸ் கடையில் தாளுக்கு அடங்கும்படி படத்தைச் சுருக்கிவிடுவது வழக்கம். அதனால் ஓரத்தில் 2 அங்குலச் சதுரம் ஒன்றையும் சேர்த்து அச்சிட்டு, அதை ஸ்கேலால் அளந்த பிறகே கத்தரிக்கோலை எடுத்தோம். பிறகு 24, 32, 40 ஆகிய மூன்று அளவுகளில் காடாத் துணியில் ஓட்டுத் தையல் போட்டோம். முன்காலத்தில் புதுச்சேரியின் ஏ.எஃப்.டி. ஆலைத் துணிக்கு இந்தப் பக்கத்தில் நல்ல பெயர் இருந்ததாம். அந்த ஆலை 2020-இல் மூடப்பட்டுவிட்டது. நாங்கள் விழுப்புரத்தில்தான் காடா வாங்கினோம்.

மூன்றில் இரண்டு தேறின. 40 அளவுச் சட்டையின் முன்புறம் தூக்கிக்கொண்டு, பின்புறம் தாழ்ந்து நின்றது. கணினிக் கணக்கில் பிழை ஏதுமில்லை. முன்நீளத்தையும் பின்நீளத்தையும் தனித்தனியே கேட்க வேண்டும் என்பதே விதியில் இல்லை. இதற்கு நேர்மாறான உடம்பும் வேண்டுமே என்று என் பாட்டியிடம் போனேன். நாற்று நட்டே முதுகு வளைந்தவர் அவர். பின்நீளம் 16½, முன்நீளம் 15. அந்த அளவில் வெட்டிய காடாச் சட்டையைப் போட்டுப் பார்த்துவிட்டு, "எத்தினி வருஷமா ரவிக்கை பின்னாடி ஏறி கழுத்துல இடிக்குதுன்னு சொல்றேன், எந்த டைலரு கேட்டான்?" என்றார். காடா என்று சொல்லியும் கேட்காமல் அதைக் கழற்றித் தரவில்லை.

அளவெடுப்பதைப் பற்றியும் ஒரு சொல். இஞ்சு டேப்பைக் கண்டாலே ஒதுங்கும் தோழியர் சிலர் எங்களிடையே இருந்தனர். சோதனைக்கு மிகவும் தேவையான அளவுகளோ அவர்களுடையவை. நடுத்தர உடம்பில் எந்த விதியும் தேறிவிடும். ஓரத்தில் இருப்பவளிடம்தான் அது முறியும். தையல் கற்பிக்கும் அருட்சகோதரி அவர்கள், பெயர் எழுதாமல் சீட்டில் எண் மட்டும் போடும்படியும், ஒருத்தி அளக்க அவளே நம்பும் தோழி எழுதும்படியும், எந்த எண்ணையும் உரக்கப் படிக்கக் கூடாதென்றும் கட்டளையிட்டார்கள். அதன் பிறகு எல்லோரும் வந்தனர். தமிழ்நாட்டில் சத்துணவு உண்ணும் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு நான்கு செட் சீருடை அரசு வழங்குகிறது. மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கப் பெண்கள் அவற்றைத் தைக்கிறார்கள். எத்தனை ஆயிரம் சட்டைகள்! ஒரு பெண் அமர்ந்து ஒவ்வொன்றுக்கும் தனிக்கணக்குப் போட இயலாது. விதி எழுதிய கணினிக்கு அது ஒரு நொடி வேலை. ஆனால் கை, தலை, முன்நீளம், பின்நீளம் என்று அளந்து கொடுக்க ஆள் வேண்டும். எங்கள் விதி இப்போது 11 அளவுகளைக் கேட்கிறது. ஒருவருக்கு ஏறத்தாழ ஆறு நிமிடம் பிடிக்கிறது. இடுப்பு எங்கே என்று தெரியாமல் திண்டாடுபவர்கள் ஒரு கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு இருபுறமும் குனிந்து நிமிர்ந்தால் கயிறு தானே சரியான இடத்தில் போய் நிற்கும், அங்கிருந்து அளக்கலாம்.

இன்னும் ஒரு சோதனை பாக்கி இருந்தது. சட்டையின் பாதியை மட்டும் வரைந்து, துணியை மடித்துப் போட்டு வெட்டுவதுதான் எங்கும் வழக்கம். நாங்கள் எழுதிய விதியும் பாதிச் சட்டையைத்தான் வரைந்தது. இடமும் வலமும் ஒன்றே என்பது அதன் எண்ணம். பிறவியிலேயே ஒரு தோள் தாழ்ந்த மாணவி ஒருத்தியின் சீட்டு வந்தபோது இதற்கு என்ன செய்வது என்று புரியவில்லை. அவள் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். இதுவரை அவள் சட்டைகளில் ஒரு பக்கம் தோள் சுருக்கத்தை மறைக்க உள்ளே பஞ்சு வைத்துத் தைப்பார்களாம். வெயில் காலத்தில் அது நனைந்து அரிக்குமாம். அக்கா விதியைத் திறந்து, தோள் சரிவு என்று இருந்த ஓர் அளவை இடத்தோள் சரிவு, வலத்தோள் சரிவு என்று இரண்டாக்கினார். அவளுக்கு இடம் 1½ அங்குலம், வலம் ¾ அங்குலம். கைக்குழி, கையின் மேடு எல்லாம் இருபுறமும் தனித்தனியே கணக்காகி வந்தன. மற்றவர்களுக்கு இரு கட்டங்களிலும் ஒரே எண்ணைப் போட்டால் பழைய சட்டையே வருகிறதா என்று 20 முதல் 48 வரை மீண்டும் ஒருமுறை வரைந்து பார்த்தோம். ஒரு கோடும் நகரவில்லை. துணி அதிகம் செலவாகவில்லை. அந்தச் சட்டைக்கு மட்டும் துணியை மடிக்காமல் மேசைமேல் விரித்துப் போட்டு, முழுச் சட்டையாக வெட்டினோம்.